ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான கணித, அறிவியல் செய்முறைப் பெட்டி: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென்று கணிதத்தையும் அறிவியலையும் ஒரே பெட்டியில் சேர்த்து விற்கப்படும் செய்முறைக் கருவித் தொகுப்பு ஒன்றை, மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடையைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் வாங்கியது. பணம் முன்னாள் மாணவர்கள் சேர்த்துக் கொடுத்தது. வாங்கலாம் என்று தீர்மானித்தது பள்ளி மேலாண்மைக் குழு. வகுப்பில் கொண்டுபோய்ப் பயன்படுத்தியது நான். வரியோடு சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. தயாரிப்பாளரின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஏறத்தாழ இதே பொருள்கள் வெவ்வேறு மேலட்டையோடும் பெயரோடும் சந்தையில் உலவுவதால், எந்தப் பெயரில் வாங்குகிறவருக்கும் பொருள்வாரியாகச் சொல்வதுதான் பயன்படும்.

பெட்டிக்குள் கணிதத்துக்கென்று ஆணிப்பலகை, பின்ன வட்டங்கள், ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் டேன்கிராம், இயற்கணிதத் துண்டுகள், பிதாகரஸ் தேற்றப் பலகை, விட்டம் அச்சிடப்பட்ட மூன்று வட்டத் தகடுகள், உயரம் அளக்கும் சாய்வுமானி ஆகியவை இருக்கின்றன. அறிவியலுக்கென்று ஒரு தட்டுத் தராசு, எடைக்கற்கள், சுருள்வில் தராசு, இரண்டு கப்பிகள், தனி ஊசல், மின்சுற்றுப் பலகை, காந்தங்கள், குவிலென்சு, குழிலென்சு, முப்பட்டகம், சூரியக் கடிகாரம், சிறிய நுண்ணோக்கி ஆகியவை இருக்கின்றன. கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது, கியூ.ஆர். குறியீட்டை அலைபேசியில் காட்டினால் வரும் விளக்கப் படங்கள் இந்தியில் பேசுகின்றன. ஆகவே எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை கையேடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மேலட்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் என்று போட்டிருக்கிறார்கள். ஒரே செயல்பாட்டை எண்களை மாற்றி மூன்றாகக் காட்டியிருப்பதைக் கழித்துவிட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

இந்தப் பெட்டியில் நல்லதும் கெட்டதும் ஒரே அளவுகோலால் பிரிகின்றன. பிள்ளை தானே அளந்து, தவறாகவும் வர வாய்ப்புள்ள ஒரு விடையை அடையும் கருவிகள் அத்தனையும் வகுப்பில் உழைத்தன. விடை பொருந்தும்படி முன்கூட்டியே வெட்டிக் கொடுக்கப்பட்ட கருவிகள் முதல் வாரத்து வியப்போடு அலமாரிக்குப் போய்விட்டன. பிதாகரஸ் பலகை இதில் முதலாவது. செங்கோண முக்கோணத்தின் இரு சிறிய பக்கங்களின் மேலுள்ள சதுரங்களிலிருந்து ஐந்து துண்டுகளை எடுத்துக் கர்ணத்தின் மேலுள்ள சதுரத்தில் அடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வண்ணம் பார்த்தே அடுக்கி முடித்துவிட்டார்கள். பக்கங்களை ஒருவரும் அளக்கவில்லை. அளக்க வேண்டிய தேவையும் இல்லை. அதே வகுப்பில் பிறகு கட்டம் போட்ட தாளில் அவரவர் விருப்பப்படி ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து சதுரங்களை வெட்டச் சொன்னபோது, கோணம் 88 பாகையாகப் போய்விட்ட ஒரு குழுவுக்குப் பரப்பு இடித்தது. ஏன் இடிக்கிறது என்று அவர்கள் பாகைமானியை எடுத்துத் தேடிய அந்த நேரத்தில்தான் தேற்றத்தில் 'செங்கோண' என்ற நிபந்தனை எதற்கு இருக்கிறது என்பது விளங்கியது.

வட்டத் தகடுகளும் இதே வகைதான். 7, 14, 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று தகடுகள். விட்டம் தகட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. கையேட்டின் அட்டவணையில் சுற்றளவு 22, 44, 66 என்று ஏற்கெனவே நிரப்பப்பட்டும் இருக்கிறது. நூலைச் சுற்றி அளக்கும் பிள்ளை 43.6 என்று பார்த்தாலும் 44 என்றே எழுதிவிட்டுப் போகும். இதற்கு மாற்றாக வளையல்களைக் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடி வளையல் மட்டும் வேண்டாம் என்றேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவியின் தாயார் திருவிழாக் கடைகளில் வளையல் விற்பவர். அந்தப் பெண் 2.4, 2.6, 2.8, 2.10 என்று அளவு எழுதிய வளையல் கட்டு ஒன்றையே கொண்டுவந்துவிட்டாள். 2.10 என்பது 2.1-க்குச் சமம், ஆகையால் அதுதான் ஆகச் சிறியது என்று வகுப்பில் பாதிப்பேர் வாதாடினார்கள். "இல்ல டீச்சர், 2.8-க்கு அடுத்ததுதான் 2.10. 2.9-ன்னு எங்க கடையிலயே கிடையாது" என்றாள் அவள்.

வளையல் அளவில் புள்ளிக்குப் பின் வருவது பத்தில் ஒரு பங்கு அல்ல, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்றால் 2 அங்குலமும் 4/16 அங்குலமும். அதாவது ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். 2.10 என்பது 66.7 மில்லிமீட்டர். தசமமும் பின்னமும் அலகு மாற்றமும் ஒரே பாடவேளையில் வந்து நின்றன. அடுத்த சிக்கல் இன்னும் நல்லது. 2.4 வளையலின் மேல் நூலைச் சுற்றி அளந்த ஒரு குழுவுக்குச் சுற்றளவு 198 மில்லிமீட்டர் வந்தது. அதை 57-ஆல் வகுத்தால் 3.47. பை (π) என்பது 3.14 என்று பாடப்புத்தகம் சொல்கிறதே என்று குழம்பினார்கள். வளையலுக்குச் சொல்லப்படும் அளவு கை நுழையும் உள்விட்டம். நூல் சுற்றியதோ வெளிப்புறத்தில். வளையலின் தடிமன் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் வெளிவிட்டம் 63. 198-ஐ 63-ஆல் வகுத்தால் 3.14 சரியாக வருகிறது. இத்தனையும் செலவில்லாமல் நடந்தது. பெட்டியின் தகடுகளை இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டம் வரைவதற்கு வைத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியில் கணிதத்தின் பக்கம் காசுக்குத் தகுந்த பொருள் என்று நான் தயங்காமல் சொல்வது ஆணிப்பலகையைத்தான். சம இடைவெளியில் ஆணிகள் பதித்த பலகை. ரப்பர் வளையங்களை மாட்டி உருவங்கள் உண்டாக்க வேண்டும். சதுரம், செவ்வகம், முக்கோணம் என்று தொடங்கிப் பெயரற்ற கோணல்மாணலான உருவங்கள் வரைக்கும் பிள்ளைகள் தாமாகவே போய்விடுகிறார்கள். அவற்றின் பரப்பைக் கண்டுபிடிக்க, சுற்றி ஒரு செவ்வகம் கட்டி மிச்ச முக்கோணங்களைக் கழிக்கும் வழியை முதலில் செய்யவிட்டேன். பிறகு, உருவத்துக்குள் இருக்கும் ஆணிகள் எத்தனை, விளிம்பைத் தொடும் ஆணிகள் எத்தனை என்று எண்ணி அட்டவணை போடச் சொன்னேன். உள்ளே இருப்பவற்றோடு விளிம்பில் இருப்பவற்றின் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் பரப்பு கிடைத்துவிடுகிறது: உள்ளே 4, விளிம்பில் 8 என்றால் பரப்பு 7 சதுர அலகு. இது ஆஸ்திரியக் கணித அறிஞர் கியோர்க் பிக் 1899-இல் வெளியிட்ட தேற்றம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. பாடத்தில் இல்லாததால் விடைக்குறிப்பில் தேட வழியில்லாமல் போனது. பிள்ளைகள் அதை உடைத்துப் பார்க்கும் ஆவலில், நடுவே ஓட்டையுள்ள உருவங்களைச் செய்து, அங்கே விதி பொய்ப்பதையும் அவர்களாகவே கண்டுகொண்டார்கள். குறை என்று சொன்னால் ரப்பர் வளையங்கள்தாம். சித்திரை வெயிலில் அவை பிசுபிசுத்து அறுந்துவிட்டன. சைக்கிள் கடையில் வீணாகப் போடும் பழைய டியூபைக் குறுக்கே மெல்லிய வளையங்களாக வெட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் தாங்கும்.

இயற்கணிதத் துண்டுகள் நடுத்தரம். இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்தினால் நடுவில் ஏன் இருமடங்குப் பெருக்கல் வருகிறது என்பதைக் காட்ட உதவுகின்றன; அதைத் தாண்டிக் குறை எண்கள் வரும் இடத்தில் திணறுகின்றன. டேன்கிராமும் பின்ன வட்டங்களும் அட்டையை வெட்டியே செய்துகொள்ளக் கூடியவை. அவற்றுக்காகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

அறிவியல் பகுதியில் முதலில் தராசைச் சொல்ல வேண்டும். தண்டும் முள்ளும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஒரு கிராம் வேறுபாட்டுக்கும் முள் அசைகிறது. ஆனால் கூடவே வந்த பிளாஸ்டிக் எடைக்கற்களை நம்ப முடியவில்லை. 50 கிராம் என்று போட்ட கல்லை ஊர்க்கடையின் மின்னணுத் தராசில் வைத்தபோது 46 காட்டியது. இதை விற்றவரிடம் சொன்னபோது பள்ளிக்கூட அளவுக்கு இது போதும் என்று பதில் வந்தது. எடையைப் பற்றிச் சொல்லித்தரும் கருவியில் எடைக்கல்லே பொய் என்றால் வேறு எதற்கு அது போதும் என்பது எனக்கு விளங்கவில்லை. நாணயங்களை எடைக்கற்களாக வைத்துக்கொள்வதுதான் கைகொடுத்தது: 2011 முதல் 2019-க்கு முன்பு வரை வந்த வரிசையில் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம், இரண்டு நிறமுள்ள பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை எடுத்தால் அது ஒரு கிராம். இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு, பெட்டியின் எடைக்கற்கள் ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதன் மேல் சரியான எண்ணை எழுதி ஒட்டுவதையே ஆறாம் வகுப்பின் அளவீட்டுப் பாடத்துக்கான செயல்திட்டமாக வைத்துவிட்டேன். எடைக்கற்கள் பிழையாக வந்ததால் கிடைத்த ஆதாயம் இது ஒன்றுதான். இதற்காகத் தயாரிப்பாளருக்கு நன்றி சொல்லும் எண்ணமில்லை.

தனி ஊசல் எளிமையான கருவி, ஆனால் வகுப்பில் அதிகம் பேசப்பட்டது. நீளம் 25 சென்டிமீட்டர் என்றால் ஓர் அலைவுக்கு ஒரு வினாடி. 20 அலைவுகளுக்கு 20 வினாடி. ஒரு மீட்டராக நீட்டினால் நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு. பெட்டியின் ஊசல் குண்டுக்கு மேலே ஒரு கொக்கி இருக்கிறது. பிள்ளைகள் நூலைக் கொக்கி வரைக்கும் அளந்து 25 என்று வைத்தார்கள். 20 அலைவுகளுக்கு எல்லாக் குழுக்களுக்கும் 21 வினாடி வந்தது. அலைபேசிக் கடிகாரத்தைச் சந்தேகித்தார்கள், அலைவை எண்ணியவனைச் சந்தேகித்தார்கள். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டர், ஆகவே குண்டின் நடுப்புள்ளி வரைக்குமான நீளம் 27.5 என்பதை ஒரு மாணவன் அளவுகோலை வைத்துக் காட்டியபோது கணக்கு நேராகிவிட்டது. இப்படிப் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குக் கருவி நம்பகமாக இருந்தால் போதும், பளபளப்பு தேவையில்லை. கப்பிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அசையும் கப்பியில் பளு பாதியாகும் என்று கையேடு சொல்கிறது. பிளாஸ்டிக் அச்சின் உராய்வில் சுருள்வில் தராசு முக்கால் பங்கு காட்டுகிறது. ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்ட பிறகும் அதிக மாற்றமில்லை.

மின்சுற்றுப் பலகையை வடிவமைத்தவர் அதைத் தாமே ஒருமுறையாவது இணைத்துப் பார்த்திருப்பாரா என்று ஐயுறுகிறேன். 2.5 வோல்ட் டார்ச் பல்புகளைக் கொடுத்துவிட்டு, 9 வோல்ட் பேட்டரிக்கான இணைப்பானை வைத்திருக்கிறார்கள். கையேட்டின் முதல் படத்தில் காட்டியபடி இணைத்தால் பல்பு ஒரு கணம் வெள்ளையாக எரிந்து கருகிவிடுகிறது. எல்.இ.டி.யை நேராக இணைத்தாலும் அதே கதிதான். 470 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்தால்தான் அது பிழைக்கும். பேட்டரியும் பெட்டியில் இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் மீனாட்சி பஜாரில் இரண்டு செல் போடும் பேட்டரிப் பெட்டி, மின்தடை, கிளிப் வயர் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கின்றன. நாங்கள் அங்கே வாங்கி இணைத்த பிறகு பலகை நன்றாகவே வேலை செய்கிறது. தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைவதையும், பக்க இணைப்பில் அணையாததையும் பார்த்துவிட்டு, கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் விளக்கில் ஒரு துண்டு மட்டும் எரியாமல் இருப்பது எப்படி என்று கேட்டார்கள். சில விளக்குகள் தொடராகவும், அப்படிப்பட்ட தொடர்கள் பல பக்க இணைப்பாகவும் சேர்க்கப்பட்டிருப்பதைப் பழைய சீரியல் செட் ஒன்றை மின்சாரம் இல்லாமல் பிரித்துப் பார்த்துக் கண்டுகொண்டோம்.

சூரியக் கடிகாரத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. முற்றத்தில் வைத்துப் பார்த்தால் நேரம் பொருந்தவேயில்லை. காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் விலகியது. நிழல் தரும் முக்கோணத் தகட்டின் கோணத்தைப் பிள்ளைகள் பாகைமானியால் அளந்தபோது இருபத்தெட்டரைப் பாகை இருந்தது. அது டெல்லியின் அட்சரேகை. தகடு வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அதற்கு அதன் கோணம் அந்தந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 பாகை வடக்கில். வடநாட்டில் செய்து நாடு முழுவதும் ஒரே அச்சில் அனுப்பிவிடுகிறார்கள். தென்கோடியில் வாங்குகிறவர் தூக்கி எறிய வேண்டியதில்லை. பலகையின் தெற்கு விளிம்பை உயர்த்தி மொத்தமாகப் பதினெட்டரைப் பாகை சாய்த்துவிட்டால் தகடும் மணிக்கோடுகளும் ஒன்றாகவே சரியாகிவிடும். எவ்வளவு உயர்த்துவது என்பதுதான் எட்டாம் வகுப்புக்கான கேள்வி. கோணவியல் இன்னும் படிக்காதவர்கள் என்பதால் அளவுத்திட்டப் படம் வரைந்து பார்த்தார்கள். 20 சென்டிமீட்டர் பலகைக்கு 6.3 சென்டிமீட்டர் வந்தது. செங்கல் துண்டின் மேல் தென்னை மட்டையைச் சீவி வைத்து அந்த உயரத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகும் கடிகாரம் கைக்கடிகாரத்துக்குப் பின்தங்கியே நின்றது. இந்தியாவின் நேரம் உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் வழியாகச் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மதுரை 78.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால், நமக்குச் சூரிய உச்சி சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்குத்தான் வரும். அதுவும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை: நவம்பர் முதல் வாரத்தில் 12 மணி 1 நிமிடத்துக்கே உச்சி வந்துவிடுகிறது, பிப்ரவரி நடுவிலோ 12 மணி 32 நிமிடம் ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை உச்சி நேரத்தைக் குறித்து வரைபடத் தாளில் புள்ளி வைப்பதை ஏழாம் வகுப்பின் ஆண்டுச் செயல்திட்டமாக வைத்திருக்கிறோம். இதில் இன்னொன்று: மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிப்பொழுதில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாத நாள் ஒன்று வருகிறது. ஏப்ரல் நாள் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டித் தேர்வுக் காலத்தில் போய்விடும். ஆகஸ்ட் நாள் பள்ளி நடக்கும் போதே வருவதால் அதைத் தவறவிடக் கூடாது. இதைப் பற்றி ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை. டெல்லியில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை என்பதால் எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது.

சாய்வுமானி நன்று. 45 பாகை காட்டும் இடம் வரைக்கும் பின்னால் நகர்ந்து போய், தரையில் உள்ள தூரத்தோடு கண் மட்டத்தின் உயரத்தைக் கூட்டினால் பொருளின் உயரம் கிடைத்துவிடும் என்பதால் எந்தச் சூத்திரமும் வேண்டாம். கொடிக்கம்பம், வேப்பமரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி மூன்றையும் அளந்தார்கள். எதிரே தெரியும் யானைமலையையும் அளந்துவிடலாம் என்று கிளம்பியவர்களுக்கு, மலையின் உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளிக்கு நடந்து போய் நாடா பிடிக்க முடியாதே என்ற உண்மை உறைத்தது. அந்தக் கேள்வியை உயர்நிலைப் பள்ளிக்கு எடுத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். லென்சுகள் தரமானவை, வெயிலில் குவிலென்சை வைத்துக்கொண்டு ஒருவனையும் தனியாக விடக் கூடாது. நுண்ணோக்கி வெறும் பொம்மை.

காந்தங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பொத்தான் அளவிலான மிகவும் வலுவான நியோடிமியக் காந்தங்களைக் கொடுத்திருக்கிறார்கள். நடுநிலைப் பள்ளி வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளும் இருக்கிறார்கள். இவற்றில் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலைத் துளைத்துவிடும். அறுவைச் சிகிச்சை வரைக்கும் போகும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், பாடவேளை முடிந்ததும் பூட்டி வைக்க வேண்டும். மேலட்டையில் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டியவர்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொருளை மொத்தமாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டால் இதைத்தான் சொல்வேன்.

நீடிப்பும் சேவையும் திருப்தி தரவில்லை. ஆணிப்பலகையைத் தவிர மற்ற பலகைகள் எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகைகள். ஐப்பசி மழையின் ஈரத்தில் ஓரங்கள் உப்பிவிட்டன. பெட்டியோ வெறும் அட்டை. வாங்கும்போது ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தவர் ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். தராசின் ஒரு தட்டு உடைந்தபோது தனித் தட்டு தர முடியாது, முழுத் தொகுப்பையும்தான் வாங்க வேண்டும் என்றார்கள். இப்போது அந்தப் பக்கம் தேங்காய்ச் சிரட்டை தொங்குகிறது; மறுபக்கத்தில் மெழுகு ஒட்டிச் சமன் செய்திருக்கிறோம்.

அரசுப் பள்ளிக்கு இப்படிப்பட்ட பெட்டி தேவைதானா என்ற கேள்வி எங்கள் குழுவிலும் எழுந்தது. 6 முதல் 8 வகுப்புகளுக்காக 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கி வைக்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் வானவில் மன்றத் திட்டம் இருக்கிறது. 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்ற முழக்கத்தோடு கருத்தாளர்கள் பள்ளிக்கு வந்து, பெரும்பாலும் மலிவான பொருள்களைக் கொண்டே பரிசோதனைகளைச் செய்ய வைக்கிறார்கள். அவர்கள் மூட்டிவிட்டுப் போகும் ஆர்வத்தை அடுத்த வருகை வரைக்கும் அணையாமல் வைத்திருக்க அளவிடும் கருவிகள் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தராசும் ஊசலும் சாய்வுமானியும் ஆணிப்பலகையும் வேண்டும். மற்றவை கையாலேயே செய்யக் கூடியவை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் அர்விந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவங்கள் கட்டும் முறையை உருவாக்கினார். நாங்கள் தீக்குச்சிக்குப் பதில் தென்னை ஈர்க்கை ஒரே நீளத்தில் நறுக்கிக்கொண்டோம். அதில் செய்த சதுரம் தொட்டால் சாய்கிறது, முக்கோணம் நிற்கிறது. கனசதுரத்துக்கு மூலைவிட்டம் கொடுத்தால் அதுவும் நிற்கிறது. முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 வரும் என்ற ஆய்லரின் தொடர்பை எட்டாம் வகுப்பு அந்த ஈர்க்கு வடிவங்களில்தான் சரிபார்த்தது. அமிலம், காரம் அறியச் செம்பருத்திப் பூச்சாறும் மஞ்சள் தடவிய தாளும் போதும். சுண்ணாம்புத் தண்ணீரில் மஞ்சள் தாள் சிவந்துவிடும்.

வாங்க நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு பெட்டி என்று விற்பனையாளர் சொல்வார். முப்பது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே தராசு என்றால் ஆறு பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கும் வகுப்பில் சத்தம்தான் மிஞ்சும். நான் குழுக்களைச் சுழற்சியாக வைத்து, ஒரு குழுவுக்குத் தராசு, ஒன்றுக்கு ஊசல், ஒன்றுக்கு ஆணிப்பலகை என்று பிரித்துக் கொடுக்கிறேன். இப்படிச் செய்தால் ஒரு செயல்பாட்டை எல்லாரும் செய்து முடிக்க ஒரு வாரம் ஆகிறது. பாடத்தை ஓட்டி முடிக்க வேண்டிய பருவக் கடைசியில் இது இடிக்கத்தான் செய்கிறது. ஆய்வக உதவியாளர் உள்ள பெரிய தனியார் பள்ளிகளுக்கு இந்தச் சிரமம் இருக்காது. அங்கே இரண்டு மூன்று பெட்டிகள் வாங்கும் வசதியும் இருக்கும்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது: உடைந்த பாகத்தைத் தனியாகத் தருவாரா, எடைக்கற்களை உங்கள் கண்முன் மின்னணுத் தராசில் வைத்துக் காட்டுவாரா, மின்சுற்றின் பேட்டரியும் பல்பும் எத்தனை வோல்ட், சூரியக் கடிகாரத்தின் கோணத்தை மாற்ற வழியிருக்கிறதா. எங்களுக்கு விற்றவரிடம் இவற்றில் ஒன்றுக்கும் நேரான பதில் கிடைத்திருக்காது.

இந்த ஆண்டும் முன்னாள் மாணவர்கள் அதே அளவு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பெட்டி வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவாகிவிட்டது. தராசுகள், நல்ல உலோக எடைக்கற்கள், சுருள்வில் தராசுகள், நீள அளவு நாடாக்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்குவதென்றும், ஆணிப்பலகைகளை ஊர்த் தச்சரிடம் பிள்ளைக்கு ஒன்றாகச் செய்யக் கொடுப்பதென்றும், மிச்சத் தொகைக்குப் பூட்டுப் போடக் கூடிய, எலி புகாத இரும்பு அலமாரி ஒன்று எடுப்பதென்றும் தீர்மானம் எழுதியிருக்கிறோம். தச்சர் ஆணி இடைவெளி இரண்டு சென்டிமீட்டரா இரண்டரையா என்று கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பில் அதற்கான வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது.